சிங்கப்பூரில் பூட்டிய அறையோடு வீடு கொடுத்தால்
ஊரில் வீட்டுக்காரர் சரி என்று சொன்னால் போதும், அட்வான்ஸைக் கொடுத்துப் பால் காய்ச்சிவிடலாம். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடு பிடிக்க அவர் சம்மதம் பாதிதான். மீதி அரசாங்கத்தின் கையில்.

எல்லாம் நிலத்தால் வந்தது. மொத்தத் தீவே சுமார் 735 சதுர கிலோமீட்டர். விமான நிலையம், துறைமுகம், ராணுவத் திடல், நீர்த்தேக்கம் எல்லாம் அதற்குள்தான். 2013இல் வெளியான நிலத் திட்டம் 2030க்குள் வீடுகளுக்கென்று ஒதுக்கியதே 17 விழுக்காடு. எந்தத் துண்டில் எந்த வகை வீடு, எத்தனை உயரம் என்பதெல்லாம் பெருந்திட்ட வரைபடத்தில் முன்பே முடிவாகிவிடும். வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டும் அடுக்குமாடிகளுக்குப் பெரும்பங்கு. கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடிகளுக்கான மனைகளை அரசு பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் விற்கிறது. தரைவீடு தனிக்கதை: உயர்தர பங்களாக்களுக்கென்றே 39 வட்டாரங்கள், ஒரு மனை குறைந்தது 1,400 சதுர மீட்டர். புக்கிட் தீமா பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்த மதில்களைப் பார்த்தால் இடப்பற்றாக்குறைப் பேச்சு எனக்குக் கசக்கும். அது கிடக்கட்டும்.

நமக்கு வாய்ப்பது வீவக அல்லது கொண்டோ. கொண்டோவில் குறைந்தது மூன்று மாத ஒப்பந்தம், வீவகவில் ஆறு மாதம். ஒப்பந்தத்துக்கான முத்திரைத் தீர்வை கட்டுங்கள், முகவரின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். வீவக வாடகைப் பணத்தை முகவர் கையில் கொடுக்காதீர்கள், அவர் வாங்கவும் கூடாது.

பொறி வேறு இடத்தில் இருக்கிறது. வீவக வீடு, வாங்கியவர் குடியிருப்பதற்காகக் கொடுத்தது. குறைந்தது ஐந்து ஆண்டு வசித்த பிறகுதான் முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம். உரிமையாளர் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி என்றால் அதுவும் கிடையாது. அறையை மட்டும் விடலாம், ஆனால் அவரும் அங்கேயே இருக்க வேண்டும்.

என் மதுரை நண்பர் குடும்பத்தோடு செங்காங்கில் நான்கறை வீட்டுக்குப் போனார். மூன்று படுக்கையறையில் ஒன்றுக்குப் பூட்டு. "சாமான் கிடக்குது தம்பி, வாடகையில கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். நம்ம ஆள்தான், அதுதான் எரிச்சல். காகிதத்தில் அவர் அந்த அறையில் வசிக்கிறார், மற்ற இரண்டு அறைகளும் வாடகைக்கு. நிஜத்தில் அவர் குடியிருந்தது வேறெங்கோ. ஒருநாள் காலை சோதனைக்கு வந்த அதிகாரிகள் பூட்டைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மெத்தை, அதன்மேல் மடித்து வைத்த ஒரு துண்டு. சாமான் என்று வேறெதுவும் இல்லை. பிள்ளைக்குப் பரீட்சை நடக்கும் நேரத்தில் வீட்டைக் காலி செய்தார்கள். வைப்புத்தொகைக்கு நண்பர் இன்னும் அலைகிறார்.

அதனால் உரிமையாளர் சாவி வாங்கிய ஆண்டைக் கேளுங்கள். வீவக அனுமதிக் கடிதத்தில் முழு வீடா, அறையா என்று பாருங்கள். குடும்பத்தார் பெயர்கள் அதில் இருக்கட்டும். உரிமையாளர் நேர்மையானவர் என்றாலும் முழு வீட்டுக்கு இன்னொரு தடை உண்டு: குடியுரிமை இல்லாதவர்களுக்கு, மலேசியர் நீங்கலாக, ஒரு புளோக்கில், அதாவது ஒரு கட்டடத்தில், 11 விழுக்காடு வீடுகள், வட்டாரத்தில் 8 விழுக்காடு என்ற வரம்பு. அது நிரம்பியிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் இழுத்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.