வீட்டு அஸ்திவாரம்: வானம் தோண்டுவதிலிருந்து பிளிந்த் பீம் வரை

வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் கடையில் அரை நாள் நிற்பார்கள், அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போடும் அன்று மட்டும் ஆபீசுக்குப் போய்விடுவார்கள். டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் பெயர்த்துவிட்டு வேறு போடலாம், மண்ணுக்குள் போனதை யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. லீவு எடுப்பதாக இருந்தால் இந்த வேலை நடக்கும் நாட்களில் எடுங்கள். தமிழ்நாட்டில் ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் போடுவது ஒவ்வொரு காலத்துக்கும் (தூணுக்கும்) அடியில் ஃபுட்டிங் என்ற அகலமான கான்கிரீட் பாதம் வைக்கும் அஸ்திவாரம்தான், அதையே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மண். கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ஏரியை ஒட்டிய களிமண் பாரம் ஏற ஏற அமுங்கும். சரளை கிடைத்தால் நிம்மதி. பக்கத்து வீட்டுக்காரர் 5 அடி தோண்டினார் என்பதை வைத்து நீங்களும் 5 அடி தோண்டாதீர்கள், மண் பரிசோதனை செய்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை அடி ஆழம், எத்தனை மி.மீ. கம்பி, எவ்வளவு இடைவெளி என்று எல்லாம் அதில் இருக்கும். மண் ரொம்ப இளக்கம் என்றால் தனித்தனி ஃபுட்டிங் வேண்டாம், வீடு முழுக்க ஒரே தளமாக ராஃப்ட் போடுங்கள் என்றுகூட அவர் சொல்லலாம்.

அடுத்து மார்க்கிங். முளை அடித்து நூல் கட்டி, காலம் வரும் இடங்களைச் சுண்ணாம்புப் பொடியால் குறிப்பார்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று நீங்களே டேப்பை வைத்துப் பார்த்துவிடலாம்: மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, இன்னொரு பக்கம் 8 அடி அளந்து குறித்தால் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே சரியாக 10 அடி வர வேண்டும். வரவில்லை என்றால் மூலைமட்டம் தவறு, இப்போதே நூலை மாற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் வானம், அதாவது அஸ்திவாரக் குழி தோண்டுவது. குழி ஃபுட்டிங் அளவைவிடச் சற்று அகலமாக இருந்தால்தான் ஆள் இறங்கி வேலை செய்ய முடியும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்க விடாதீர்கள், ஒரு மழை வந்தால் எல்லாம் உள்ளே சரியும். அடியில் உதிரி மண்ணை அள்ளிவிட்டு, தண்ணீர் தெளித்து திமிசு போட்டு (இடித்து இறுக்கி), 4 அங்குலத்துக்கு பி.சி.சி., அதாவது கம்பி இல்லாத வெறும் கான்கிரீட் போடுவார்கள், 1:4:8 கலவை போதும். இது பாரம் தாங்குவதற்கு இல்லை, கம்பி மண்ணில் படாமல் இருக்கவும் மேலே சமமான தளம் கிடைக்கவும்தான்.

பி.சி.சி. இறுகியதும் கம்பி வேலை. கீழே ஜாலி மாதிரி பின்னிய மேட், அதன்மேல் காலம் கம்பிகள், அவற்றின் கால் எல் வடிவத்தில் வளைந்து மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். இங்கே குனிந்து ஒரு விஷயத்தைப் பாருங்கள்: மேட்டுக்குக் கீழே என்ன வைத்திருக்கிறார்கள்? பல இடங்களில் உடைந்த செங்கல் துண்டோ கையில் கிடைத்த ஜல்லியோதான் இருக்கும். செங்கல் ஈரத்தை உறிஞ்சி நேராகக் கம்பிக்குக் கொடுக்கும், ஜல்லி ஆள் மிதித்ததும் நழுவிவிடும். ஃபுட்டிங்குக்கு 50 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம் வேண்டும், அதே உயரத்தில் கான்கிரீட் கவர் பிளாக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. காலம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி 135 டிகிரிக்கு உள்நோக்கி மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று 90 டிகிரியில் விட்டுவிடுவார்கள். தூக்குக்குண்டு விட்டு காலம் செங்குத்தாக நிற்பது தெரிந்த பிறகு கான்கிரீட்.

கான்கிரீட் வரைபடத்தில் சொன்ன தரத்தில் இருக்க வேண்டும். எம்20 என்றால் வழக்கமாக 1:1.5:3, அதாவது ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒன்றரை பங்கு எம்சாண்ட், மூன்று பங்கு முக்கால் இன்ச் ஜல்லி. ஒரு மூட்டை சிமெண்ட் ஏறக்குறைய 35 லிட்டர், அந்த அளவில் ஒரு பெட்டி செய்து வைத்துவிட்டால் பாண்டுச் சட்டியில் அள்ளிப் போடும்போது போலக் கூடக் குறைய வராது. இதெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீரில்தான் வேலை கெடுகிறது. கலவை கெட்டியாக இருக்கிறது, இறங்க மாட்டேங்குது என்று சொல்லிக்கொண்டே மிக்ஸரில் இன்னொரு வாளி ஊற்றுவார்கள், அளவு கிடையாது, கேட்டால் இப்படித்தான் எப்போதும் போடுவோம் என்பார்கள். மூட்டைக்கு 25 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், 30-ஐத் தாண்டவே கூடாது. அதிகமாக ஊற்றிய தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது கான்கிரீட்டுக்குள் பொடிப் பொடித் துளைகளை விட்டுவிட்டுப் போகிறது, அந்த வழியாகத்தான் ஈரம் கம்பிக்குப் போய் துரு பிடிக்கிறது. இறங்கவில்லை என்றால் தேவை கலவையை அதிர வைத்து இறக்கும் வைப்ரேட்டர், தண்ணீர் அல்ல. அதன் ஊசியை நேராக இறக்கி, காற்றுக் குமிழி நின்றதும் மெதுவாக மேலே எடுக்க வேண்டும், ஒரே இடத்தில் நெடுநேரம் பிடித்தால் ஜல்லி அடியில் தங்கிவிடும். கலந்ததை அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள், அதுவும் 5 அடிக்கு மேலிருந்து கொட்ட விடாதீர்கள்.

மறுநாளிலிருந்து கியூரிங், அதாவது கான்கிரீட்டைக் காயவிடாமல் ஈரமாக வைத்திருப்பது. இப்போது நாம் வாங்கும் சிமெண்ட் பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. ரகம், அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும், 14 நாள் விட்டால் இன்னும் நல்லது. காலத்துக்குச் சாக்கைச் சுற்றி நனைத்து வையுங்கள், காலையில் ஒரு தடவை பைப்பைப் பிடித்துவிட்டுப் போனால் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

காலம் தரைமட்டத்துக்கு வந்ததும் குழியை அரையடி அரையடியாக மண் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து மூடி, எல்லாக் காலங்களையும் சேர்த்துக் கட்டும் கான்கிரீட் உத்திரமான பிளிந்த் பீம் போட வேண்டும். அதன் உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்கிறது, வீடு அங்கேயே இருக்கிறது, 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சாலையிலிருந்து 3 அடியாவது வையுங்கள். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்து எல்லா மூலையிலும் ஒரே மட்டம் குறித்த பிறகுதான் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடிக்க வேண்டும்.

கழிவுநீர்க் குழாய் பீமைக் கடந்து போகும் இடம் இன்ஜினியருக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். கான்கிரீட் போடும் முன்பே அங்கே ஒரு பெரிய பைப் துண்டைச் செருகி வைத்துவிட்டால், பிறகு பிளம்பர் சுத்தியலும் உளியுமாக வந்து பீமை உடைக்க வேண்டியிருக்காது. பக்கப் பலகையை ஒரு நாள் கழித்துக் கழற்றலாம். பீமுக்கு உள்ளேயும் அதே போல அரையடி அரையடியாக நிரப்பி இடித்து, தரைக்கு பி.சி.சி. போடுவதற்கு முன் கரையான் மருந்து அடித்துவிடுங்கள், தரை போட்ட பிறகு அடிப்பதென்றால் துளை போட்டுத்தான் ஊற்ற முடியும்.