கழுத்துக் குழாயுடன் வீடு திரும்பியவரைக் கடற்கரை ஊரில் பராமரிக்கும் முறை

மூக்கின் வழியே போகும் காற்று வடிகட்டப்பட்டு, உடல் வெப்பத்துக்கு வந்து, ஈரம் ஏறிய பிறகே நுரையீரலை அடைகிறது. டிரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் பொருத்தும் அறுவை, செய்துகொண்டவருக்கு இந்த வசதி இல்லை. கழுத்தில் பொருத்திய குழாய் வழியே வெளிக்காற்று அப்படியே உள்ளே இறங்குகிறது. அதனால் சளி வறண்டு கெட்டிப்பட்டுக் குழாயை அடைத்துக்கொள்வதுதான் வீட்டில் நேரக்கூடிய ஆபத்துகளில் முதன்மையானது. இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரையிலும், மறுபுறம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரையிலும் உள்ள ஊர்களில் கச்சான் எனும் மேல்காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்பும் கலந்த காற்றே வீட்டுக்குள் வருகிறது; சற்று உள்ளே தள்ளிய ஊர்களில் கருவேலங் கரிமூட்டத்தின் புகையும் சேர்ந்துகொள்கிறது. ஈரத்தைக் காப்பதும் அடைப்பைத் தடுப்பதுமே முதல் வேலை என்று வைத்துக்கொண்டு, மற்ற ஏற்பாடுகளை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன்பே வீட்டில் குறைந்தது இரண்டு பேர், செவிலியர் பக்கத்தில் இருக்கும்போது தம் கையாலேயே சளி எடுத்து, குழாயைக் கழுத்தோடு கட்டும் நாடாவை மாற்றிப் பழகியிருக்க வேண்டும். பார்த்துக் கற்றது ஆபத்து நேரத்தில் கை கொடுக்காது. எத்தனை அவசரமாக வீட்டுக்குப் போகச் சொன்னாலும், இந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தயங்கக் கூடாது.

ஈரத்துக்குச் செயற்கை மூக்கு எனப்படும் சிறிய வடிகட்டியைக் குழாயின் வாயில் பொருத்துவார்கள். அதை நாள்தோறும் மாற்ற வேண்டும். சளி பட்டு நனைந்துவிட்டால் உடனே மாற்றிவிட வேண்டும். மருத்துவர் சொன்ன அளவில் சலைனை நெபுலைசரில் கொடுப்பதும், தடை இல்லாதவருக்குப் போதிய தண்ணீர் தருவதும் சளியை இளக்கும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை, முகப் பவுடர், கருவாடு உலர்த்தும் இடத்துத் தூசி ஆகியவை நோயாளி இருக்கும் அறையை எட்டவே கூடாது. இங்கே தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் வருவது பெரும்பாலும் உவர் நீர். கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர உப்பு போகாது, நீர் வற்ற வற்ற உப்பின் செறிவு கூடவே செய்யும். ஆகவே குழாயின் பாகங்களைக் கழுவக் குடிநீரையே கொதிக்க வைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள். மூச்சு கொடுக்கும் இயந்திரமான வெண்டிலேட்டரின் ஈரமூட்டிக்கு வாலை வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) அல்லது மருத்துவமனை சொல்லும் நுண்ணுயிர் நீக்கிய நீர் மட்டுமே ஆகும்.

சளி எடுப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. கடிகாரம் பார்த்து எடுக்காமல், குழாயில் களகளவென்ற ஒலி கேட்கும்போதும், மூச்சு வாங்கும்போதும், இருமலில் சளி குழாய் வாய் வரை வந்து நிற்கும்போதும் எடுங்கள். சோப்பால் கை கழுவிக் கையுறை அணியுங்கள். பெரியவருக்குச் சளி உறிஞ்சும் சக்சன் மெஷினின் அழுத்தம் சுமார் 80 முதல் 120 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கட்டும்; குழந்தைகளுக்கு இதைவிடக் குறைவாக, மருத்துவர் குறித்துத் தந்தபடி வையுங்கள். சளி உறிஞ்ச உள்ளே விடும் மெல்லிய குழாயான கதீட்டரின் தடிமன், கழுத்துக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. எவ்வளவு ஆழம் செலுத்த வேண்டும் என்பதை மருத்துவமனையிலேயே கதீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உறிஞ்சாமல் உள்ளே செலுத்தி, பிறகு கதீட்டரின் வெளிமுனையில் உள்ள துளையை விரலால் மூடி, மெல்லச் சுழற்றியபடி வெளியே இழுக்க வேண்டும். உள்ளே போய் வெளியே வர மொத்தம் 10 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. எடுப்பவர் தாமும் மூச்சை அடக்கிக்கொண்டால் நேரம் நீளாது. அடுத்த முறைக்கு முன் நோயாளி நன்றாக மூச்சுவிட்டு ஆற விடுங்கள். சளி கெட்டியாக இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் சலைன் ஊற்றும் பழக்கம் வேண்டாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், நாற்றம் வந்தால், காய்ச்சல் கண்டால், புதிய இரத்தம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரத்தம் மிகுதியாக வந்தால் காத்திருக்கவே கூடாது.

கழுத்துக் குழாய், தனியே கழற்றக்கூடிய உள்குழாய் உள்ள வகையாக இருந்தால், மருத்துவமனை சொன்ன இடைவெளியில் அதைக் கழற்றி, சிறு தூரிகையால் உட்புறம் தேய்த்துக் கழுவி, ஈரம் போக உதறிவிட்டுப் பொருத்துங்கள். உலோகக் குழாயைக் கொதிக்க வைக்கலாம். பிளாஸ்டிக் குழாயைக் கொதிக்க வைக்கக் கூடாது. நாடா மாற்றும்போது ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டே இருக்க, மற்றவர் மாற்ற வேண்டும். கட்டி முடித்தபின் நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவு இடம் இருந்தால் போதும். நம் ஊர் வெக்கையில் வேர்வை தங்கித் தோல் வெந்துபோகும்; துளையைச் சுற்றிச் சலைனில் நனைத்த காஸால் துடைத்து, உலர்ந்த காஸ் வைக்கவும்.

பேசுவதற்கான வால்வு பொருத்தியிருப்பவருக்கு ஒன்றை மறக்கவே கூடாது. மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் சுற்றி உள்ள காற்றுப்பை ஊதியிருக்கும்போது வால்வைப் பொருத்தினால் விட்ட மூச்சு வெளியேற வழியிருக்காது. அது உயிருக்கே ஆபத்து.

வெண்டிலேட்டர் உள்ள வீட்டில் மின்சாரமே மூச்சு. உப்புக் காற்று பிளக்கின் முனைகளையும் இன்வெர்ட்டர் பேட்டரியின் முனைகளையும் அரித்துவிடுவதால், வாரம் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். அதே நாளில் உதவிக்கு ஆள் இருக்கும்போது மெயின் சுவிட்சை நிறுத்தி, இன்வெர்ட்டரில் இயந்திரம் தடையின்றி ஓடுகிறதா என்று சோதியுங்கள். இயந்திரத்தின் காற்று வடிகட்டியும் இங்கே சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். குறைந்த அழுத்த அலாரம் அடித்தால் குழாய் எங்கோ கழன்றிருக்கலாம் அல்லது கசியலாம். மிகை அழுத்த அலாரம் அடித்தால் சளி, மடிந்த குழாய், குழாயில் தேங்கிய நீர் ஆகியவற்றைப் பாருங்கள். அலாரம் ஏன் அடிக்கிறது என்று விளங்காவிட்டால், நேரம் கடத்தாமல் இயந்திரத்தைக் கழற்றி, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையால் மூச்சு கொடுங்கள். ஆம்பு பை எப்போதும் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காலத்துப் புயல் எச்சரிக்கை வந்ததும் பேட்டரிகளை நிரப்பி, காலால் இயக்கும் சக்சன் கருவியையும் எடுத்து வையுங்கள். இராமேசுவரம் தீவில் இருப்பவர்கள் மாவட்டத் தலைநகரான இராமநாதபுரத்துக்கு வரச் சுமார் 55 கிலோமீட்டர் தூரமும் பாம்பன் பாலமும் கடக்க வேண்டும். பலத்த காற்றில் அந்த வழி அடைபடலாம். வெண்டிலேட்டரை முழுதும் நம்பியிருப்பவரைப் புயல் கரையைக் கடக்கும் முன்பே இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய்விடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

மூச்சு திணறினால் உதவிக்குக் குரல் கொடுத்து, சளி எடுங்கள். கதீட்டர் இறங்கவில்லை என்றால் உள்குழாயைக் கழற்றுங்கள். அப்போதும் தீராவிட்டால் பயிற்சி பெற்றவர் முழுக் குழாயையும் மாற்ற வேண்டும். இதற்காகவே அதே அளவில் ஒன்றும், ஒரு அளவு சிறியதாக ஒன்றும் பிரிக்காத உறையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழாயை வைக்க முடியவில்லை என்றால், தொண்டை வழி திறந்திருப்பவருக்குத் துளையைக் காஸால் மூடி வாய், மூக்கின் மேல் முகமூடி வைத்து மூச்சு கொடுக்கலாம். குரல்வளையையே அகற்றியவருக்கு அது பயன்படாது. அவருக்குக் கழுத்துத் துளை ஒன்றே வழி. உங்கள் வீட்டு நோயாளி இதில் எந்த வகை என்பதைக் கேட்டுப் பெரிய எழுத்தில் கட்டிலின் மேல் ஒட்டி வையுங்கள். ஆம்புலன்சில் வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்.

குரல் எழுப்ப முடியாதவர் கைக்கு எட்டும்படி ஒரு மணியும், எழுதிக் காட்ட ஒரு சிலேட்டும் கொடுங்கள். இரவில் ஒருவர் அதே அறையில் படுக்க வேண்டும். வீட்டு ஆண்கள் தங்கல் கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகும் குடும்பங்களில் முழுப் பாரமும் ஒரு பெண்ணின் மேல் விழுந்துவிடுகிறது. தூக்கம் கெட்டவருக்கு அலாரம் கேட்காமல் போவது இயல்பே. எனவே அண்டை வீட்டாரில் ஒருவருக்காவது சளி எடுக்கக் கற்றுக்கொடுத்து முறை வைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலி தணிப்புப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.