சேலத்திலிருந்து சென்னையின் நான்கு கலங்கரை விளக்கங்களுக்கு

வெளிநாட்டிலிருந்து சேலத்துக்கோ ஏற்காட்டுக்கோ விடுமுறையில் வரும் நம்மவர்கள் பலர், விமானம் ஏறுவதற்கு முன் சென்னையில் கிடைக்கும் ஒரு பகலைத் துணிக்கடைகளிலேயே கழித்துவிடுகிறார்கள். கடல் பார்க்காமல் வளரும் மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பகலில் கலங்கரை விளக்கங்களைக் காட்டலாம். ஆனால் மெரினாவில் நிற்பதில் மட்டும் ஏறி இறங்கிவிட்டு வருவது வரலாற்றைக் கடைசி அத்தியாயத்திலிருந்து படிப்பதற்கு ஒப்பாகும். அது நான்காவது விளக்கு.

ஏற்காட்டில் தங்கியிருப்பவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வெளிச்சம் இருக்கும்போதே கடந்து சேலம் சந்திப்புக்கு வந்துவிடுவது நல்லது. இரவில் புறப்படும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் அதிகாலையில் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடும். பெட்டிகளை அங்குள்ள பொருள் பாதுகாப்பு அறையில் ஒப்படைத்துவிட்டால், முதல் மூன்று விளக்குகளும் இருந்த பகுதிக்குப் போக இறங்க வேண்டிய உயர் நீதிமன்றம் மெட்ரோவில் அடுத்த நிறுத்தம்தான்.

முதல் விளக்கு 1796-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மேல் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, ஆட்களும் சரக்கும் மசூலா என்னும் நாட்டுப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்த விளக்கின் அருமை விளங்கும்.

இரண்டாவது, உயர் நீதிமன்ற வளாகத்தில் 125 அடி உயரத்துக்கு நிற்கும் டோரிக் என்னும் பழங்கிரேக்கப் பாணிக் கல்தூண். 1844-ல் ஏற்றப்பட்ட இதுவே நான்கில் அழகானது என்பேன். பல்லாவரத்துக் கல்லால் எழுப்பப்பட்டது. பல்லாவரத்துக் குன்றுகளும் ஏற்காடு அமைந்திருக்கும் நம் சேர்வராயன் மலையும் சார்னோகைட் என்னும் ஒரே வகைப் பாறையால் ஆனவை என்பதால், ஏற்காட்டுச் சாலையோரம் வெட்டுண்டு நிற்கும் பாறையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் காட்டலாம். பக்கத்திலேயே இதைவிட உயரமான நீதிமன்றக் கட்டடம் 1892-ல் எழுந்தது. 1894-ல் அதன் பெரிய கோபுரத்தின் உச்சிக்கே விளக்கு இடம் மாறியது; அது மூன்றாவது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் மீது குண்டு வீசியபோது, நீதிமன்றச் சுற்றுச்சுவரும் சேதமடைந்தது. அந்த இடத்தில் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. வளாகத்துக்குள் பாதுகாப்புக் கெடுபிடி அதிகம் என்பதால், அனுமதி கிடைக்காவிட்டால் வாயிற்காவலரிடம் வாதாட வேண்டாம். தூணும் கோபுரமும் சாலையிலிருந்தே தெரியும்.

மெரினா விளக்கு 1977-ல் செயல்படத் தொடங்கியது. பாதுகாப்புக் காரணங்களால் பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, 2013-ல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. மின்தூக்கி இருப்பதால் முழங்கால் வலியுள்ள பெரியவர்களையும் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். கோட்டையிலிருந்து பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடக்க வேண்டும். வெயிலில் ஆட்டோ நல்லது.

கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் மெரினா விளக்குக்குத் திங்கட்கிழமையும் விடுமுறை. ஆகவே அந்த இரு நாள்களையும் தவிர்த்து ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் நுழைவுக் கட்டணம் கூடுதலாகக் கேட்பது வழக்கம். ஆனால் ஓசிஐ (இந்திய வெளிநாட்டுக் குடியுரிமை) அட்டை உள்ளவர்களுக்கு நினைவுச் சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இந்தியர்களுக்குரிய கட்டணமே உண்டு. எனவே அட்டையைப் பெட்டியோடு சென்ட்ரலில் விட்டுவிடாமல், மூல அட்டையையே கையில் வைத்திருங்கள்.