பிளஸ் டூ முடித்துவிட்டு குழந்தைகள் பாதுகாப்புப் பணிக்குப் போவது எப்படி?

குழந்தைகளுக்காக வேலை பார்க்க வேண்டும் என்று சொல்கிற பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எல்லோரும் பி.எட். பக்கம்தான் கை காட்டுகிறார்கள். ஆனால் படிப்பை விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போன பையனுக்காகவும், பதினாறு வயதில் கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்காகவும், வீட்டிலேயே அடிபடுகிற குழந்தைக்காகவும் அதிகாரிகள் முன்னால் போய் நிற்பதே முழுநேர வேலையாக இருப்பவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். நானும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். நான் நுழைந்தபோது வழி சொல்ல ஆள் இல்லை, அதனால் தமிழ்நாட்டில் இதற்கு எப்படிப் போவது என்று எழுதுகிறேன்.

படி 1: எந்தப் படிப்பு

நேரான வழி பி.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி இளங்கலைப் பட்டம், மூன்று வருடம். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவர்களும் பெரும்பாலும் சேரலாம். சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இதில் பேர்பெற்ற பழைய கல்லூரி. ஆனால் கல்லூரியின் பெயரை விட, வாரத்தில் களப்பணிக்கு எத்தனை நாள் அனுப்புகிறார்கள், எங்கே அனுப்புகிறார்கள் என்று அங்கே படிக்கிற சீனியரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். அஞ்சல்வழியில் படிக்கலாமா என்றால், வேறு வழி இருந்தால் வேண்டாம் என்பேன். நம் களப்பணியைப் பார்த்துத் திருத்துகிற ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் வாதாடத்தான் ஆசை என்றால் ஐந்து வருட பி.ஏ. எல்எல்.பி. நம் அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறார்கள். கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டியது திருச்சியில் இருக்கிற தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்குத்தான்.

படி 2: எம்.எஸ்.டபிள்யூ.வில் பிரிவு

பி.எஸ்.டபிள்யூ. முடித்தபின் படிக்கிற சமூகப்பணி முதுகலைப் பட்டம்தான் எம்.எஸ்.டபிள்யூ. அதில் முதல் வருடம் முடியும்போது எந்தப் பிரிவு என்று கேட்பார்கள். பாதி வகுப்பு மனிதவளம் எடுக்கும், ஏனென்றால் கம்பெனி வேலையும் சம்பளமும் அங்கேதான் இருக்கிறது, வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். குழந்தைகள் பணிதான் என்று முடிவு செய்துவிட்டால் சமுதாய மேம்பாடு அல்லது மருத்துவ, மனநலச் சமூகப்பணி எடுங்கள். இரண்டில் எது என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன். பயந்துபோன ஒரு குழந்தையிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதை அங்கேதான் கொஞ்சமாவது சொல்லித் தருகிறார்கள்.

படி 3: இரண்டு சட்டங்கள்

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 2012ஆம் ஆண்டு போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்). இரண்டையும் கைடு வழியாகப் படிக்காமல் சட்டமாகவே படியுங்கள். ஒரு குழந்தையை மீட்டால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு (பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கச் சட்டப்படி அமைத்த குழு) முன் நிறுத்த வேண்டும், வயதுக்கு முதலில் பள்ளிச் சான்றைப் பார்க்க வேண்டும், அது இல்லாவிட்டால்தான் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று, அதுவும் இல்லாதபோது மட்டுமே மருத்துவச் சோதனை. இதெல்லாம் கேட்டவுடனே நாக்கில் வரவேண்டும்.

படி 4: சமூக விசாரணை அறிக்கை

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான், கல்லூரியிலும் இதற்கு நேரம் ஒதுக்குவது குறைவு. குழந்தையின் வீட்டுக்குப் போய் விசாரித்து, நலக்குழுவுக்கு அறிக்கை எழுதித் தர வேண்டும். சட்டம் கொடுக்கிற அவகாசம் 15 நாள். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பிள்ளை அம்மாவிடம் போகுமா, குழந்தைகள் இல்லத்துக்குப் போகுமா என்று முடிவாகிறது. அதனால் ஒவ்வொரு வரியும் யார் சொன்னது, யார் பார்த்தது என்று தெரிய வேண்டும்.

'தந்தை பொறுப்பற்றவர்' என்று எழுதாதீர்கள். 'மூன்று மாதமாகத் தந்தை வீட்டுக்கு வரவில்லை, பணமும் அனுப்பவில்லை என்று தாய் கூறினார்; பக்கத்து வீட்டாரும் அதையே கூறினர்' என்று எழுதுங்கள். வீட்டில் அரிசி இருந்ததா, பிள்ளை படுக்க இடம் எது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்தபடியே எழுதுங்கள். குழந்தை சொன்னதைக் குழந்தையின் வார்த்தையிலேயே வையுங்கள், நல்ல தமிழாக்க வேண்டாம். எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்டு, அந்தப் பதிலுக்குத் தனிப் பத்தி கொடுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் அந்தப் பத்திதான், குழுவினர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

குறிப்பெடுக்கச் செல்போனை விட நோட்டுதான் நல்லது, போனை நீட்டினால் குழந்தை பேச்சை நிறுத்திவிடும். வீட்டுக்கு வந்து தமிழ்99 விசைப்பலகையில் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், அதற்கு இ-கலப்பை என்ற மென்பொருள் போதும். குழந்தையின் போட்டோவை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மீட்டவர்களே பெருமையோடு போட்டோ போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

படி 5: வேலை

மாவட்டந்தோறும் இந்தப் பணியைக் கவனிக்கிற அரசு அலுவலகமான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வெளியிடும் அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் ஆள்சேர்ப்புப் பகுதியில் வரும். எல்லாம் ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் (கவுன்சிலர்) மாதம் 18,536 ரூபாய், பாதுகாப்பு அலுவலருக்கு 27,804. குறைவுதான், குடும்பத்தில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். தொண்டு நிறுவனங்களில் ஊதியம் இடத்துக்கு இடம் மாறும். பிற்காலத்தில் நலக்குழுவிலேயே உறுப்பினராக வேண்டும் என்றால் 35 வயதும், பொதுவாகக் குழந்தைகள் சார்ந்த பணியில் ஏழு வருட அனுபவமும் கேட்பார்கள், அதனால் அனுபவச் சான்றுகளை முதல் வேலையிலிருந்தே வாங்கி வையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பலர் கேட்டது இரண்டு. பி.காம். படித்தவர் எம்.எஸ்.டபிள்யூ. சேர முடியுமா? முடியும், பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பட்டமும் போதும். வீட்டு நிலைமையால் இப்போது படிக்க முடியாது, பிளஸ் டூவோடு ஏதாவது உண்டா? உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலேயே புறத்தொடர்பு பணியாளர் பதவிக்குப் பிளஸ் டூ போதும், மாதம் 10,592 ரூபாய். வீடு வீடாகப் போகிற வேலை. அதில் இருந்துகொண்டே பட்டம் படிக்கிறவர்களுக்கு மட்டும் அஞ்சல்வழி வேண்டாம் என்று நான் மேலே சொன்னது பொருந்தாது, இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.எஸ்.டபிள்யூ. இருக்கிறது, தாராளமாகச் சேருங்கள்.