பறக்காத விமானத்துக்கு ஏது புகைக்கறை?

ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து நான் செய்த முதல் புகாட்டி 100பி விமானத்தின் சின்ன மாதிரியை, நிஜம்போலத் தெரியட்டும் என்று ஆசை ஆசையாக அழுக்காக்கியிருந்தேன். எஞ்சின் பக்கம் கறுப்புப் புகை, சக்கரத்தில் செம்மண், இறக்கை விளிம்பில் பெயின்ட் உரிந்து வெள்ளியாய்த் தெரியும் உலோகம். பக்கத்து வீட்டு அண்ணன் ஐ.சி.எஃப். பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை வருஷம் ஓடின வண்டிப்பா இது?"

"நிஜ விமானமே ஒரு நாள்கூடப் பறக்கலண்ணே."

"அப்புறம் எங்கேர்ந்து வந்துச்சு இவ்ளோ அழுக்கு?"

அழுக்கை விடுங்கள், அந்த வெள்ளி நிறம் அதைவிடப் பெரிய அபத்தம். 100பி மரத்தால் ஆனது. பால்சா மரத்தையும் கடினமான மரத்தையும் அடுக்கி ஒட்டி, பாரிஸில் ஒரு மரச்சாமான் பட்டறையில் 1938 முதல் செய்தார்கள். சுரண்டினால் மரம்தான் தெரியும். உலோக விமானத்தில் போடுகிற மாதிரி ரிவெட் புள்ளிகளையும் தகடு இணைப்புக் கோடுகளையும் அதன் உடம்பெங்கும் கீறி வைப்பதும் இதே வகைத் தவறு.

பறந்த விமானத்துக்கு நீண்ட வாழ்க்கை உண்டு. எந்த வருஷத்தைப் பிடித்தாலும் ஒரு புகைப்படம் கிடைக்கும். பறக்காததற்கு இருப்பது சில நாட்கள் மட்டுமே. அதில் எந்த நாளைச் செய்யப்போகிறோம் என்று முடிவு செய்யாமல், மாதிரிக்கான பாகங்கள் வரும் கிட் பெட்டியைப் பிரிப்பதுதான் முதல் தவறு. 100பி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940 ஜூனில் ஜெர்மன் படை நெருங்கியபோது வேலை முடியாத நிலையில் பாரிஸிலிருந்து கொண்டுபோய் ஒளித்துவைத்தார்கள், அது ஒன்று. இன்று அமெரிக்காவின் ஆஷ்காஷ் மியூசியத்தில் எஞ்சின் இல்லாமல் நிற்பது இன்னொன்று. மூன்றாவதாக, பிற்காலத்தில் புதிதாகக் கட்டிய நகல். 2015-ல் பறந்தது, 2016-ல் விழுந்து அதன் விமானி இறந்துபோனார். அந்த நகலுக்குள் இருந்தவை இரண்டு சுசூகி ஹயாபூசா பைக் எஞ்சின்கள்! இணையத்தில் கிடைக்கும் பளிச்சென்ற வண்ணப் படங்களில் பல இந்த நகலுடையவை. அதைப் பார்த்து பெயின்ட் அடித்துவிட்டு, '1940 புகாட்டி' என்று பெயர்ப்பலகை வைத்தால் எப்படி?

ஜெர்மனியின் ஹோர்ட்டன் ஹெச்.ஓ.229 ஜெட்டில் குழப்பம் வேறு மாதிரி. 'பறக்காத விமானம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டாவது முன்மாதிரி பறந்தது. 1945 பிப்ரவரியில் விழுந்து நொறுங்கியது. பறக்காதது வி3 எனும் மூன்றாவது. அமெரிக்கப் படை அதை அரைகுறையாகத்தான் கைப்பற்றியது. இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் பார்க்கும் வி3-யின் ஒட்டுப்பலகை பிளந்தும் உரிந்தும் கிடக்கிறதே, அது போரில் பட்ட காயமல்ல, பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்ததன் விளைவு. 1945-இல் இருந்த நிலையைச் செய்கிறவர் அந்தச் சிதைவை நகலெடுக்கக் கூடாது. பெட்டியோடு வரும் படைப்பிரிவு எண்களும் சின்னங்களும் கற்பனை. கற்பனையாகச் செய்வதில் தப்பே இல்லை, பலகையில் அப்படி எழுதிவிட்டால் சரி.

அடுத்தது தடிமன். பிரிட்டனின் மைல்ஸ் எம்.52 விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டுவதற்கென்றே வரையப்பட்டு, 1946 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதன் இறக்கையின் உயிரே மெல்லிய, கூரான விளிம்பு. 1/72 மாதிரியில், அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவில், விளிம்பை ஒரு மில்லிமீட்டர் தடிமனாக விட்டால் நிஜத்தில் அது 72 மில்லிமீட்டர். பிளேடு இருக்க வேண்டிய இடத்தில் பலகை! ஒட்டுவதற்கு முன்பே இரண்டு பாதிகளின் உட்புறத்தையும் உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்குங்கள். ஒட்டிய பிறகு வெளியே தேய்த்தால் வளைவு போய்விடும்.

கிட் கிடைக்காமல் வரைபடத்திலிருந்து செய்கிறவர்கள் ஜெராக்ஸை அப்படியே நம்ப வேண்டாம். நீளவாக்கில் ஓர் அளவு, அகலவாக்கில் வேறு அளவு என்று சில மெஷின்கள் இழுத்துவிடும். 1/72-இல் ஓர் அங்குலம் என்பது 6 அடி. 100பி-யின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 27 அடி, ஆகவே தாளில் நாலரை அங்குலம் வர வேண்டும். ஸ்கேலை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள்.

இந்த மாதிரி அபூர்வ கிட்டுகளில் நிறைய, வழக்கமான பிளாஸ்டிக்கில் இல்லாமல், அச்சில் ஊற்றி இறுகவைத்த ரெசினில் வரும். பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினைக் கரைக்காது. சூப்பர் குளூவோ எபாக்ஸியோதான். ரெசினைத் தேய்க்கும்போது மாஸ்க் போட்டு, வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க வேண்டும். சூப்பர் குளூவின் ஆவி விமானி அறைக் கண்ணாடியைப் பனிபோல மங்க வைக்கும், அங்கே அதைக் கொண்டுபோகவே கூடாது.

பெயின்ட் விஷயத்தில் நம்ம ஊர்க் காற்று தனி எதிரி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லாக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். மழையில்லாத நாளில், காலை 10 மணிக்கு மேல், கடற்காற்று ஏறுவதற்குள் அடித்து முடித்துவிடுவது என் வழக்கம். கத்திரி வெயிலில் மாடியில் காயவைக்காதீர்கள். ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் இறக்கை வாழையிலை மாதிரி சுருண்டுவிட்டது.

கடைசியாக, மூக்கில் எடை. மெஸ்ஸர்ஷ்மிட் பி.1101 போன்ற மூன்று சக்கர ஜெட்டுகள் எடை வைக்காவிட்டால் வாலில் உட்கார்ந்துகொள்ளும். பி.1101-க்கு மூக்கே காற்றுக்குழாய், உள்ளே இடமில்லை. குழாயைச் சுற்றியும் விமானி இருக்கைக்கு அடியிலும் திணிக்க வேண்டும். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு இதற்குப் போதும். ஆனால் ஈயத்தை வெள்ளைப் பசையால் ஒட்டினால் நாளடைவில் பூத்து ஊதி, உடம்பையே பிளந்துவிடும். எபாக்ஸியில் புதைத்து, இரண்டு பாதியையும் மூடுவதற்கு முன் டேப் ஒட்டி நிறுத்திப் பாருங்கள். நான் பார்க்காமல் மூடிய பி.1101 இன்றும் வாலுக்கடியில் ஒரு கேரம் காயை முட்டுக்கொடுத்துத்தான் நிற்கிறது.