வீட்டில் வாசிக்க கிட்டார் ஆம்ப்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கும்போது பணம் முழுக்க கிட்டாருக்கே போய்விடும். மிச்சத்தில் ஏதோ ஒரு ஆம்ப் (கிட்டாரின் ஓசையைப் பெருக்கிக் கேட்கவைக்கும் ஆம்ப்ளிஃபையர்) கிடைத்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். முதல் தவறு இதுதான். நாம் கேட்பது ஆம்பின் சத்தத்தைத்தான். சுமாரான கிட்டாரும் நல்ல ஆம்பில் கேட்கும்படி இருக்கும். நல்ல கிட்டாரை மட்டமான ஆம்பில் போட்டால், புதிதாகக் கற்பவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பிலேயே பயிற்சி குறைந்துவிடும்.

அடுத்தது வாட்ஸ். 20 வாட்ஸ் ஆம்ப் 10 வாட்ஸைவிட இரண்டு மடங்கு சத்தம் போடும் என்று நம்பி வாங்குகிறார்கள். வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க, வாட்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். படுக்கையறையில் வாசிக்க 10 வாட்ஸே அதிகம். வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் பழைய பாணி ஆம்ப்) ஆசை இருந்தால் இன்னும் யோசியுங்கள். ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் வெறும் 15 வாட்ஸ்தான். ஆனால் அதன் ருசியே வால்யூமைக் கூட்டினால்தான் வரும், அடுக்குமாடி வீட்டில் அதற்கு வழியில்லை. பாஸ் கட்டானா 50-இல் இருப்பதுபோல் சக்தியை 0.5 வாட்ஸ் வரை குறைக்கும் வசதி இருந்தால் நல்லது. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பல வருடம் வரும்.

என்னைக் கேட்டால் வாட்ஸைவிட ஸ்பீக்கரின் அளவைப் பார்க்க வேண்டும். 3, 4 அங்குல ஸ்பீக்கர் உள்ள குட்டி ஆம்புகள் பையில் போட்டு எடுத்துப்போக வசதி. தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பவருக்கோ தடித்த கம்பிகளின் கனமான ஓசை அவற்றில் கிடைக்காது. ஃபெண்டர் ஃப்ரன்ட்மேன் 10ஜி-யில் 6 அங்குலம், மஸ்டாங் எல்டி25-இல் 8 அங்குலம். இடமும் பணமும் இருந்தால் 8 அங்குலத்துக்குப் போங்கள்.

கடையில் சோதிக்கும் விதத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் டிஸ்டார்ஷனை (ஓசையை முரட்டுத்தனமாக உடைத்துக் காட்டும் வசதி) ஏற்றி, வால்யூமைத் திருப்பி நாலு ரிஃப் (சின்னச் சின்ன இசைத் துணுக்கு) வாசித்துக் காட்டுவார். அந்தச் சத்தத்தில் எல்லா ஆம்பும் பிரமாதமாகத்தான் இருக்கும். நீங்கள் டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் குமிழை முழுக்கக் குறைத்து, ஓசை உடையாத க்ளீன் சானலில், வீட்டில் வைக்கப்போகும் அளவுக்கு வால்யூமை வையுங்கள். ஆறாவது கம்பியை, அதாவது மிகத் தடித்த கம்பியை, விரல் வைக்காமல் ஒரு தட்டு தட்டி, ஓசை முழுக்க அடங்கும்வரை கேளுங்கள். கரகரப்போ பெட்டி அதிரும் ஓசையோ இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் வால்யூம் குமிழைப் பூஜ்யத்திலிருந்து மிக மெதுவாகத் திருப்புங்கள். சில மலிவு ஆம்புகளில் ஒரு கட்டம் வரை சத்தமே வராது, மயிரிழை நகர்த்தியதும் திடீரென்று குதிக்கும். ராத்திரியில் வாசிப்பவருக்கு இது பெரிய தொல்லை. எதிரொலி போன்ற நூறு எஃபெக்ட் இருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம். க்ளீன் ஓசை சரியில்லாத ஆம்பை எந்த எஃபெக்டும் காப்பாற்றாது.

‘ஆம்ப் எதற்கு, ஹோம் தியேட்டரில் சொருகினால் போதாதா?’ என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப்பின் சிக்னல் மெலிதானது. அதை வாங்கும் ஆம்பின் இன்புட்டில் மின்தடை சுமார் 10 லட்சம் ஓம் அளவில் இருக்கும். பாட்டு கேட்கும் சிஸ்டத்தின் இன்புட்டில் அது இதைவிட மிகக் குறைவு என்பதால் ஓசை மழுங்கிவிடும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை இயல்பாகவே குறைத்துவிடும். சாதாரண ஸ்பீக்கர் அப்படிச் செய்யாது, அதனால் டிஸ்டார்ஷன் போட்டால் காதைக் குத்தும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி ஆம்ப் வாங்கிவரச் சொல்வது நம் ஊரில் வழக்கம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. நேரடியாகப் போட்டால் ஃபியூஸ் போகும், இல்லையென்றால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரே கருகும். பின்பக்கத்திலோ அடாப்டரிலோ 100–240 என்று போட்டிருந்தால் பயமில்லை. இல்லையேல் தனியாக ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை நீக்கிவிட்டு இரண்டு முள் பிளக்கில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கிட்டார் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. உள்ளே கோளாறு வந்தால் ஷாக் நேராக உங்கள் விரலுக்குத்தான். கம்பியைத் தொடும்போது சுள்ளென்று இருந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள்.

ஹெட்போன் துளை இல்லாத ஆம்பை வாங்கவே வாங்காதீர்கள். கூட வயர் ஹெட்போன்தான் சரி. புளூடூத் ஹெட்போனில் நீங்கள் தட்டிய பிறகு ஓசை தாமதமாக வரும், தாளம் கெடும். பாட்டை ஆம்புக்கு அனுப்பி கூடவே வாசிப்பதற்கு மட்டும் புளூடூத் பயன்படும்.

பழைய ஆம்ப் வாங்குவது தப்பே இல்லை. குமிழ்களைத் திருப்பும்போது கரகரக்கிறதா, துளையில் செருகிய கேபிளை லேசாக ஆட்டினால் சத்தம் அறுகிறதா என்று பாருங்கள். பேஸ் கிட்டார் (தாழ்ந்த ஓசை தரும் கிட்டார்) வாசித்த ஆம்பா என்றும் கேளுங்கள். சின்ன கிட்டார் ஸ்பீக்கர் அந்த ஓசையைத் தாங்கியிருக்காது.