பழைய சவரக்கத்தி வாங்குகிறீர்களா? பளபளப்பைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள்

பழைய மடக்குச் சவரக்கத்தியை இணையத்தில் வாங்கிச் சீர்செய்ய ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கத்தி பளபளவென்று இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதன் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை. அங்கே எவ்வளவு எஃகு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கறையைப் போக்கிவிடலாம், துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். தேய்ந்து போன எஃகு திரும்பி வராது.

நான் இரண்டாவதாக வாங்கிய கத்தி கண்ணாடி மாதிரி மின்னியது. ‘சீர்செய்தது, உடனே சவரம் செய்யலாம்’ என்று விற்றவர் எழுதியிருந்தார். கைக்கு வந்ததும் கவனித்தேன்: செய்தவர் முத்திரை பாதி அழிந்திருந்தது, கூராக இருக்க வேண்டிய ஓரங்கள் எல்லாம் மழுங்கி உருண்டிருந்தன. சாணைக்கல்லில் தீட்டினால் கூர் வந்தது. ஆனால் ஒரு சவரத்துக்கு மேல் நிற்கவில்லை. சுழலும் பாலிஷ் சக்கரத்தில் அழுத்திப் பிடித்ததில் வாய் சூடேறி, எஃகின் பதம் போயிருந்தது.

சவரக்கத்தி எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்துவார்கள். அந்தச் சூட்டைத் தாண்டி, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் எஃகு மெல்ல மென்மையாகிவிடும். வாய் காகிதத்தைவிட மெல்லியது என்பதால் சக்கரத்தில் அது சூடேறச் சில நொடிகளே போதும். நீலம் பூத்தால் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நீலத்தையும் பாலிஷ் போட்டு மறைத்துவிடலாம், அதனால் படத்தில் ஒன்றும் தெரியாது. என்னைக் கேட்டால், மின்னும் கத்தியைவிட அழுக்கோடு இருக்கும், யாரும் கைவைக்காத கத்தியே நல்லது.

சரி, படத்தில் எதைப் பார்ப்பது? இரண்டு பக்கமும் வாய் முழுதாகத் தெரிய வேண்டும். மூடிய நிலையில் மேலிருந்து எடுத்த படமும் வேண்டும், அலகு பிடியின் நடுவில் இறங்குகிறதா என்று பார்க்க. கேட்டும் அனுப்பவில்லையென்றால் விட்டுவிடுங்கள். வாயிலிருந்து மேல்நோக்கி மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் விரிசல். நேரில் சந்தேகம் வந்தால் எண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டுச் சற்றுநேரம் பொறுங்கள். விரிசலாக இருந்தால் அதிலிருந்து எண்ணெய் மெல்லக் கசியும். விரிசல் விட்ட கத்தியை முகத்தில் வைக்கவே கூடாது.

செந்துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வாயை ஒட்டிய கரும்புள்ளிகளுக்கு. அவை உள்ளே இறங்கிய குழிகள். தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழியைத் தொடும், தொட்ட இடம் ரம்பப்பல் மாதிரி ஆகிவிடும். அதே குழிகள் அலகின் நடுவிலோ, வாய்க்கு எதிரே இருக்கும் தடித்த முதுகுப் பக்கமோ இருந்தால் பாதகமில்லை. வாய் நடுவில் வெளியே வளைந்திருப்பது பல கத்திகளில் பிறவி அமைப்பு. உள்வாங்கியிருந்தால் தப்பாகத் தீட்டியிருக்கிறார்கள்.

முதுகையும் பாருங்கள். தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படியும். முதுகின் கனம்தான் வாயின் கோணத்தை, ஏறத்தாழ 16, 17 டிகிரியாக, தீர்மானிக்கிறது. முதுகு பட்டையாக அகலத் தேய்ந்திருந்தால் கோணம் குறைந்து வாய் பலவீனமாகியிருக்கும்.

வயதைச் சொல்லி மயக்குவார்கள். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி வரிச் சட்டத்தால், 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றானது. கத்திக்குப் பேர்போன ஊர்களான ஷெஃபீல்டின் கத்தியில் ‘இங்கிலாந்து’ என்றோ, சோலிங்கனின் கத்தியில் ‘ஜெர்மனி’ என்றோ பொறித்திருந்தால் அது பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. 1850 என்று விற்றால் நம்ப வேண்டாம். நாட்டின் பெயர் இல்லாததால் மட்டும் பழையது என்றும் ஆகிவிடாது.

பலர் கவனிக்காமல் விடுவது பிடியைத்தான். பழைய கத்திகள் பலவற்றுக்கு செல்லுலாய்ட் என்ற பழங்கால பிளாஸ்டிக்கில் செய்த பிடி. இது நைட்ரோசெல்லுலோஸ், காலப்போக்கில் தானாகச் சிதையும். சிதையும்போது வரும் வாயு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அலகை அரிக்கும். அலகில் பிடி மூடியிருந்த இடத்தில் மட்டும் கொத்தாகத் துரு, திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி, பிடிக்குள் கண்ணாடி உடைந்தது போன்ற வெடிப்புகள் என்றால் சந்தேகமே வேண்டாம். இதற்கு வைத்தியம் கிடையாது, பிடியைக் கழற்றி எறிய வேண்டியதுதான். மற்ற கத்திகளோடு ஒரே டிராயரில் வைத்தால் அவையும் துருப்பிடிக்கும். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் என்பதால் சூடும் காட்டக் கூடாது. தந்தப் பிடி என்று சொன்னால் வாங்காதீர்கள். எல்லை தாண்டி வந்தால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். தந்தம் என்று விற்கும் பலவும் உண்மையில் கோடு போட்ட செல்லுலாய்ட்.

அப்புறம் சீர்செய்வது. முதலில் சோப்பும் வெதுவெதுப்பான நீரும், பிறகு எண்ணெய் போட்டு ஓர் இரவு. பாதி அழுக்கு அதிலேயே போய்விடும். கொதிநீரில் போட்டால் கொம்புப் பிடி கோணிக்கொள்ளும். கிருமி நீக்க ஆல்கஹாலால் அலகை மட்டும் துடையுங்கள். உப்புத்தாளை 2000ஆம் எண்ணிலிருந்து தொடங்கி (எண் கூடக்கூடத் தாள் நயமாகும்), போதாதபோது மட்டும் சொரசொரப்பானதற்கு இறங்குங்கள். 220இல் தொடங்கினால் விழும் கீறல்களை எடுக்கவே நாள் கணக்காகும். வாய்க்கு டேப் ஒட்டி, அலகை ஒரு மரக்கட்டைமேல் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். விரல் வாயை நோக்கிப் போகவே கூடாது. முதுகில் தாளை வைக்காதீர்கள். அலகில் தங்கப்பூச்சு எழுத்து இருந்தால் மெட்டல் பாலிஷ் வேண்டாம், நாலு தேய்ப்பில் அழிந்துவிடும்.

தீட்டுவதற்குச் சாணைக்கல்லில் 1000, 5000, 8000, 12000 என்ற எண் வரிசையில் போகலாம். வாய் சரியாக இருந்தால் 1000 தேவையே இல்லை. சமையலறைக் கத்தி தீட்டும் கருவியில் ஒருமுறை இழுத்தாலும் வாய் நாசமாகும். கடைசியில் தோல்பட்டையில் முதுகு முன்னே போக, வாய் பின்னே வர இழுங்கள். பட்டையின் கடைசியில் முதுகின்மேல் புரட்டித் திருப்ப வேண்டும், வாயின்மேல் புரட்டினால் பட்டை கிழியும். சவரம் முடிந்ததும் அலகைத் துடைத்து, கீலில் துணி நுனியைவிட்டு ஈரத்தை எடுத்து, ஒரு துளி எண்ணெய் விட்டுத் திறந்தபடியே உலரவையுங்கள். மூடிவைத்த ஈரம் ஒரே இரவில் துருவாகிவிடும்.